யன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்

ஜனவரியில் நுவரெலியாப் பக்கம் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. காலையில் வந்து அலுமாரியைத் திறந்தால் அசெட்டிக் அமிலப் போத்தல் கல்லாகிக் கிடக்கும். சாய்த்தால் அசையாது. கவிழ்த்தால் கொட்டாது. உள்ளே வெள்ளையாக, கற்கண்டு போல, ஊசி ஊசியாகப் படிந்திருக்கும்.

நீர் கலக்காத அசெட்டிக் அமிலத்துக்கு 'கிளேசியல்' என்று பெயர். பனிக்கட்டி போன்றது என்று பொருள். 16.6 பாகையில் உறைந்துவிடும். கொழும்பில் வேலை செய்கிறவர் பென்ஷன் எடுக்கும் வரை அதைப் பெரும்பாலும் தண்ணீராகத்தான் பார்த்திருப்பார். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஆண்டுச் சராசரியே 16 பாகைக்குப் பக்கத்தில். புல்லில் உறைபனி விழுகிற காலத்தில் இங்கே அந்த அமிலத்தின் இயல்பான நிலையே கட்டிதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். வைத்தியசாலையின் பெயர் வேண்டாம், மலையில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரத்த அணுக்களை எண்ணும் இயந்திரம் பழுது. அப்போதெல்லாம் இயந்திரம் படுத்துவிட்டால் பழைய முறைதான்: நுணுக்குக்காட்டியின் கீழ் கட்டம் போட்ட கண்ணாடியை வைத்து, வெள்ளை அணுக்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அதற்கு டர்க் கரைசல் வேண்டும். சிவப்பணுக்களை அழித்துவிட்டு வெள்ளையணுக்களை மட்டும் ஊதா நிறத்தில் காட்டும் கரைசல் அது. அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு அசெட்டிக் அமிலம்.

போத்தல் கட்டி. வெளியே இருபது பேர் ரிப்போர்ட்டுக்கு நிற்கிறார்கள். எங்கள் உதவியாளர் அண்ணன், இருபது வருட அனுபவக்காரர், போத்தலை எடுத்து மின் அடுப்பின் ஓரத்தில் வைத்தார்.

"அஞ்சு நிமிசம் மிஸ். தண்ணியாயிரும்."

அந்த அமிலம் தோலை அரிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது எரியவும் செய்யும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. சுமார் 39 பாகை சூடானாலே அதன் ஆவி தீப்பற்றத் தயாராகிவிடும். எனக்கு இது பாடத்தில் தெரியும், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் சேர்ந்து இரண்டு மாதமே ஆன நான் இருபது வருட அனுபவத்திடம் என்ன சொல்வது? பேசாமல் நின்றேன். அப்புறம் மூடியைத் திருகியதும் நான்தான்.

தீ பிடிக்கவில்லை. உள்ளே அடைபட்டிருந்த ஆவி 'புஸ்' என்று முகத்தில் அடித்தது. ஒரு துளி இடது இமையில் பட்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை.

கண்ணில் அமிலம் பட்டால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இதுதான் இருக்கும். அந்தத் தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். கண்கழுவிகளுக்கான அமெரிக்க நியமத்தில் 16 முதல் 38 பாகை வரை என்று இருக்கிறது. அதைவிடக் குளிர்ந்த தண்ணீரில் மனிதர்கள் பதினைந்து நிமிடம் தாங்குவதில்லை, பாதியில் விட்டுவிடுவார்கள். இங்கே ஜனவரிக் காலையில் குழாயைத் திறந்து அதன் கீழ் முகத்தை நீட்டிப் பாருங்கள். முதலில் கண் எரிவது மறந்துபோகும், நெற்றி வலிக்கத் தொடங்கும். அப்புறம் பல் வலிக்கும். நான் இரண்டு நிமிடம் தாங்கியிருப்பேன். கண்கழுவி என்று தனியாக ஒன்று அங்கே இல்லை, கை கழுவும் தொட்டிதான்.

கண் தப்பியது. ஒரு வாரம் சிவந்திருந்தது. பொறுப்பாளர் கேட்டபோது "தூசி விழுந்துச்சு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அண்ணனைக் காட்டிக்கொடுக்க மனமில்லை. எனக்கும் வெட்கம். அந்தச் சம்பவம் எந்த ஏட்டிலும் இல்லை. நீங்கள் இப்போது படிப்பதுதான் அதன் முதல் பதிவு.

இதையாவது ஒரு சம்பவம் என்று சொல்லலாம். நாள் உண்டு, நேரம் உண்டு, ஒரு போத்தல் உண்டு. நான் எழுத உட்கார்ந்தது சம்பவமே இல்லாத கேடுகளைப் பற்றி. அதற்கு யன்னலுக்கு வர வேண்டும்.

மலையில் யாரும் யன்னலைத் திறப்பதில்லை. குளிர், மூடுபனி, சாரல். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் வளர்ந்தவர்களுக்குச் சின்ன வயதில் கேட்ட வார்த்தையே "கதவச் சாத்து, கூதல் வருது" என்பதுதான். அதே பழக்கத்தோடுதான் ஆய்வுகூடத்துக்குள்ளும் வருகிறோம். எங்கள் இடத்தில் ஆறு யன்னல். ஒன்றில் கொளுக்கி துருப்பிடித்து இறுகிவிட்டது. இரண்டை வெள்ளைப் பெயின்ட் ஒட்டிக்கொண்டது. மிச்சம் மூன்றையும் குளிர் மூடிவிட்டது.

அந்த அறையில்தான் காசநோய்ச் சளி பார்த்தோம். சளிப் பரிசோதனை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நோயாளி காலையில் இருமித் துப்பிய சளி ஒரு சின்ன டப்பாவில் வரும். மூடியைத் திறந்து, குச்சியால் எடுத்து, கண்ணாடித் துண்டில் தேய்த்து, உலர்த்தி, சிவப்புச் சாயம் ஊற்றி, அடியிலிருந்து சுடர் காட்டி ஆவி எழும் வரை சூடாக்க வேண்டும். கொதிக்கவிடக் கூடாது. சாயத்தில் பீனோல் இருக்கிறது, தொண்டையைப் பிடிக்கும். அப்புறம் அமிலத்தால் கழுவி நீலச் சாயம் போட்டால், நீல வயலில் சிவப்புக் குச்சிகளாகக் கிருமி தெரியும். பார்க்க அழகாக இருக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆபத்து கண்ணாடித் துண்டில் இல்லை. டப்பா மூடியைத் திறக்கும் அந்த நொடியிலும், சளியைக் கிளறும் குச்சியிலும், ஈரம் காயாத கம்பியை நெருப்பில் காட்டும்போது 'சட்'டென்று தெறிப்பதிலும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத திவலைகள் காற்றில் ஏறும். காய்ந்து இன்னும் சிறிதாகி மணிக்கணக்கில் மிதக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2012இல் காசநோய் ஆய்வுகூடங்களுக்கு ஒரு கையேடு போட்டது. சளியை நேரடியாகத் தேய்த்துப் பார்ப்பதை ஆபத்துக் குறைந்த வேலை என்று அது வகைப்படுத்துகிறது. காற்றை வடிகட்டும் பாதுகாப்புப் பெட்டி இல்லாமல் திறந்த மேசையிலேயே செய்யலாம். இதை மட்டும் படித்துவிட்டு "பாருங்க, ஒன்றும் ஆகாது" என்று சொன்ன அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். அடுத்த வரியை அவர்கள் படிப்பதில்லை. அறையின் காற்று மணிக்கு ஆறு முதல் பன்னிரண்டு தடவை மாற வேண்டும். காற்று வேலை செய்பவரைத் தாண்டி அப்பால் போக வேண்டும், அவர் முகத்துக்குத் திரும்பி வரக் கூடாது. அதாவது அந்த வகைப்பாடே யன்னல் திறந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. வெளியே எட்டுப் பாகைக் குளிரும் முழங்கால் வரை பனிமூட்டமும் இருக்கும் ஊரை அது நினைத்துப் பார்க்கவில்லை.

என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி மூன்று வாரமாக இருமினாள். கூதலுக்கு இருமாதவர் யார்? இஞ்சித் தேத்தண்ணி குடித்தாள், கொத்தமல்லி அவித்துக் குடித்தாள். சாயங்காலங்களில் இலேசாகக் காய்ச்சல். இடுப்பில் பாவாடை நாடா தளர்ந்தபோதுதான் அவளுக்கே சந்தேகம் வந்தது. தன் சளியைத் தானே தேய்த்து, தானே சாயம் போட்டு, தானே பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "நீயும் ஒருக்காப் பாரேன்" என்றாள், ஏதோ வேறு நோயாளியின் கண்ணாடி போல. நான் குனிந்தேன். சிவப்புக் குச்சிகள். தேட வேண்டியிருக்கவில்லை.

ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் இரண்டு. ரிஃபாம்பிசின் மாத்திரையால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், கண்ணீர்கூட நிறம் மாறும். அழுதால் கைக்குட்டையில் கறை படிகிறது என்று சிரித்துக்கொண்டே காட்டினாள். முழுமையாகக் குணமானாள். இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறாள்.

அவளுக்கு அது எங்கே தொற்றியது? ஆய்வுகூடத்திலா, காலையில் யன்னலெல்லாம் மூடி மூச்சு முட்ட வரும் பஸ்ஸிலா, பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர் படுக்கும் லயத்திலா? யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாததால் அது தொழில்சார் நோயாகக் கணக்கில் ஏறவில்லை. விடுமுறைக் கடிதத்தில் 'காசநோய்' என்று மட்டும் இருந்தது. இன்னும் கொடுமை, "தோட்டத்து ஆள்தானே, அங்கேயிருந்துதான் வந்திருக்கும்" என்று ஒருவர் சொன்னது. வருடக்கணக்காக நூற்றுக்கணக்கான சளி டப்பாக்களை மூடிய அறையில் திறந்தவளைப் பார்த்துச் சொன்ன வார்த்தை.

அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரொபர்ட் பைக் ஆய்வுகூடத் தொற்றுகளை உலகம் முழுவதிலிருந்தும் திரட்டி 1976இல் வெளியிட்டார். மொத்தம் 3,921. அதில் ஊசி குத்தியது, தெறித்தது, உடைந்தது என்று கைகாட்டும்படி ஒரு விபத்து இருந்தது ஐந்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றில்தான். மற்றவர்கள் வேலைக்குப் போனார்கள், வந்தார்கள், நோயில் விழுந்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தோழியின் ஞாபகம்தான் வந்தது.

பேர்மிங்ஹாமில் 1978இல் இறந்த ஜெனட் பார்க்கர் கிருமியைத் தொட்ட விஞ்ஞானிகூட அல்ல. மருத்துவக் கல்லூரியின் புகைப்படக்காரர். பெரியம்மை ஆய்வுகூடத்துக்கு மேல்மாடியில் வேலை. உலகத்தில் பெரியம்மையால் கடைசியாக இறந்தவர் அவர்தான். குழாய்வழிக் காற்றில் மேலே போயிற்று என்றார்கள், இல்லை என்றும் வாதாடினார்கள். வழி இன்றுவரை உறுதியாகவில்லை. அங்கேயே கண்டுபிடிக்க முடியாததை எங்கள் ஊர் பஸ்ஸிலும் லயத்திலும் யார் பிரித்தறிவது?

போர்மலின் கதை வேறு மாதிரி. அதை மூக்கு கண்டுபிடிக்கும், ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். சத்திரசிகிச்சையில் வெட்டி எடுத்த சதைத் துண்டுகள் போர்மலினில் மிதந்து வரும். பயிற்சிக் காலத்தில் அந்தப் பிரிவில் சில மாதம் இருந்தேன். முதல் நாள் கண்ணீர் வழிந்தது. முதல் வாரம் தலையிடி. இரண்டாம் வாரம் "இப்போ பரவாயில்லை, வாடையே தெரியல" என்றேன். பக்கத்தில் இருந்த மூத்தவர் சிரித்தார். வாடை அப்படியேதான் இருந்தது, என் மூக்குத்தான் அறிவிப்பதை நிறுத்திவிட்டது. போர்மலினில் இருக்கும் போர்மல்டிகைட்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகையில் 2004இல் சேர்த்தார்கள், மூக்குக்குப் பின்னால் தொண்டை தொடங்கும் இடத்தில் வரும் புற்றுநோயை வைத்து. அமெரிக்கச் சட்டத்தில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதி பத்து இலட்சத்தில் முக்கால் பங்குதான். எங்கள் அறைகளில் எவ்வளவு என்று அளக்க வந்தவரை நான் பார்த்ததில்லை.

அந்த நாட்களில் சனிக்கிழமை வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே முகம் சுளிப்பார்.

"என்னா புள்ள, மேல இந்த வாடை? குளிச்சிட்டு வா."

அம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தவர். அவருக்குத் தெரிந்த ஆபத்துக்கு எல்லாம் சத்தம் உண்டு. குளவிக் கூடு கலைந்தால் மலை முழுக்கக் கூச்சல், ஓட்டம், லொறியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி, மறுநாள் பேப்பரில் செய்தி. அட்டை கடித்தால் இரத்தம். ஆனால் அம்மாவை முடித்தது குளவி இல்லை, கூடை. தலையில் கயிறு போட்டுச் சுமந்து சுமந்து கழுத்தெலும்பு தேய்ந்தது. சரிவில் ஏறி இறங்கி முழங்கால் போயிற்று. செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், அவர் பறித்த ஒவ்வொரு கிலோவும் இருக்கிறது. குறைந்த நாளில் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம் போட்டதும் இருக்கிறது. கழுத்துக்கு அதில் ஒரு கட்டம் இல்லை.

வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நான் வெகுதூரம் வந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஆய்வுகூடத்திலும் ஒரு நாளில் எத்தனை மாதிரி, எத்தனை கண்ணாடி, எத்தனை ரிப்போர்ட் என்று எழுதிவைக்கிறோம். யார் என்ன காற்றைச் சுவாசித்தோம் என்பதற்குக் கட்டம் கிடையாது.

கோட் என்றதும் சுவெட்டர் ஞாபகம் வருகிறது. இங்கே எல்லோரும் உள்ளே சுவெட்டர்தான். நுவரெலியா பஸாரில் மலிவாகக் கிடைக்கும் செயற்கை நூல் சுவெட்டர். கோட்டின் கையை விட நீளமாக வெளியே தொங்கும், சாயத்தில் தோயும், இரத்தம் துடைக்கும், அப்படியே வீட்டுக்குப் போகும். அதை விடப் பெரிய விஷயம் நெருப்பு. லொஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் 2008 டிசம்பர் 29ஆம் திகதி, ஷெரி சாங்ஜி என்ற இருபத்து மூன்று வயதுப் பெண் காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் ஒரு திரவத்தை ஊசியில் இழுத்துக்கொண்டிருந்தார். ஊசித்தண்டு கழன்று வந்துவிட்டது. அவர் கோட் போட்டிருக்கவில்லை, செயற்கை நூல் சுவெட்டர் உடம்போடு உருகியது. பதினெட்டு நாள் கழித்து இறந்தார். எங்களிடம் அந்தத் திரவம் இல்லை. ஸ்பிரிட் விளக்கு இருக்கிறது, சுவெட்டர் இருக்கிறது, கோட்டைத் துவைக்கப் போட்ட நாட்களும் இருக்கின்றன.

ஊசி பற்றியும் ஒரு வார்த்தை. எனக்குக் குத்தியது வெளிநோயாளர் பிரிவில் இரத்தம் எடுத்துவிட்டு மூடியைத் திரும்பப் போடும்போது. கூடாது என்று கற்பித்ததைத்தான் செய்தேன். விரல் விறைத்திருந்தது. குளிர் நாளில் கையுறைக்குள் விரல் நுனி எங்கே முடிகிறது என்றே தெரியாது. யாருக்கும் சொல்லாமல் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்தை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், இருபத்தெட்டு நாள் எடுக்க வேண்டும். நாற்பத்தெட்டு மணி நேரத்தை நான் வெட்கத்தில் செலவழித்தேன். மூன்றாம் நாள் ஒரு தாதி அக்கா பிளாஸ்டரைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனார். நோயாளியையும் பரிசோதித்தார்கள், ஒன்றும் இல்லை. தடுப்பூசி போடாதவருக்குக் கிருமி உள்ள ஊசி குத்தினால், ஈரல் அழற்சி பி நூற்றில் முப்பது பேர் வரைக்கும் தொற்றலாம். எச்.ஐ.வி. ஆயிரத்தில் மூன்று. எல்லோரும் பயப்படுவது ஆயிரத்தில் மூன்றுக்கு. முப்பதுக்குத் தடுப்பூசி இருக்கிறது, மூன்று ஊசி. குழந்தைகளுக்கு இலங்கையில் 2003இலிருந்து போடுகிறார்கள். அதற்கு முன் பிறந்த நாங்கள் கேட்டுத்தான் போட வேண்டும். போட்ட பிறகு உடம்பில் எதிர்ப்பு வந்ததா என்று பார்க்க ஓர் இரத்தப் பரிசோதனையும் உண்டு. அந்தப் பரிசோதனைக்கு மற்றவர்களின் இரத்தத்தை அனுப்பிவைப்பதே எங்கள் வேலை. தன் இரத்தத்தை அனுப்பிய சக ஊழியர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

நாடே பொருளாதார நெருக்கடியில் விழுந்த 2022ஐப் பற்றி நிறைய எழுத விருப்பமில்லை. மார்ச் கடைசியில் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. காற்றை வெளியே இழுக்கும் மின்விசிறி நின்றுவிடும், வேலை நிற்காது. கையுறையை ஸ்பிரிட்டில் துடைத்துத் துடைத்துப் போட்டோம். ஸ்பிரிட் படப்பட கையுறை நலிந்து நுண்துளை விழும் என்று தெரிந்தே செய்தோம்.

போன வருடம் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். எண்பது பக்கம், கடையில் கிடைக்கும் சாதாரணக் கொப்பி. கதவுக்குப் பின்னால் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். திகதி, நேரம், என்ன நடந்தது, யாருக்கு. பெயர் போட விருப்பமில்லாவிட்டால் போட வேண்டாம். முதல் இரண்டு மாதம் என் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. "மிஸ் எங்களைப் பிடிச்சுக் குடுக்கப் போறாங்க" என்று ஒரு பேச்சு ஓடியது. பொறுப்பாளர் கொப்பியைப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் மேலிடத்துக்குக் காட்ட வேண்டாம்" என்றார். காட்டவில்லை. கழற்றவும் இல்லை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. 'டப்பா மூடி சரியாக மூடாமல் வந்தது.' 'சென்ட்ரிஃபியூஜுக்குள் குழாய் உடைந்தது, முப்பது நிமிடம் திறக்கவில்லை.' இதைப் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது. சென்ட்ரிஃபியூஜ் என்பது குழாய்களை வேகமாகச் சுழற்றும் இயந்திரம். உடனே திறந்தால் உள்ளே சுழலும் திவலையெல்லாம் முகத்துக்கு வரும், காத்திருக்க வேண்டும் என்று நான் வாய் வலிக்கச் சொல்லியிருந்தேன். சிங்களத்திலும் ஏழெட்டு வரி இருக்கிறது.

அசெட்டிக் அமிலம் இப்போது கட்டியானால் வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்து, மூடியை இலேசாகத் தளர்த்தி, திறந்த யன்னலுக்குப் பக்கத்தில் வைக்கிறோம். அரை மணி நேரம் பிடிக்கும். ரிப்போர்ட்டுக்கு நிற்பவர்கள் நிற்கட்டும்.

அதே உதவியாளர் அண்ணன் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். கொப்பியில் எதுவும் எழுதாத ஒரே ஆள் அவர்தான். போன செவ்வாய்க்கிழமை காலை நான் போனபோது மூன்று யன்னலும் திறந்திருந்தன, அறை முழுக்கப் பனிப்புகை, இளையவர்கள் இரண்டு பேர் சால்வையைப் போர்த்திக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். பென்சிலால், அழுத்தி அழுத்தி எழுதியிருந்தது:

'6.40. வந்தவுடன் வாடை. போர்மலின் கேன் மூடி வெடிப்பு. கண் எரிஞ்சது. யன்னல் திறந்தேன். நாலாவது யன்னல் பெயின்ட்டைச் சுரண்ட வேணும், கத்தி ஒன்று வாங்கித் தரவும்.'

கத்தி வாங்கிக் கொடுத்துவிட்டேன்.